எட்டுச் செலவில ஒரு குதிரைப் பந்தயப் படம்

என்ர மனுசன் செத்துப் போனதில இருந்து எனக்கு ஒண்டுமே உறைக்கேல்லை. லண்டனில எங்கட மோர்டன் வீட்டில சனம் வந்து குளறி அழ, நான் ஆருக்குத் தேத்தண்ணி குடுக்கேல்லை எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். "இவ கல்லு" எண்டு ஆரோ சொன்னது காதில விழுந்தது. சொல்லட்டும்.

அலுமாரி நிறைய அவற்ற படச்சுருள்கள். எல்லாம் அந்தக் காலத்து வெள்ளைக்காரர் எடுத்த கறுப்பு வெள்ளைக் குதிரைப் பந்தயப் பகிடிப் படங்கள். ஒரு நொண்டிக் குதிரை, ஒரு கள்ள முதலாளி, கடைசியில நொண்டிதான் வெல்லும். வேற கதையே இல்லை. குதிரைக்குக் கிட்டவே போகாத மனுசனுக்கு இந்த விசர் எங்கால வந்ததோ!

அவரோட சேர்ந்து படம் சேர்க்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எல்லாத்தையும் எடுக்க வந்தார். ஒண்டே ஒண்டு, என்ர மனுசனுக்கு உயிரான படம், அது மட்டும் எனக்கு வேணும். எது எண்டுதான் தெரியாது. "உதில அப்பிடி என்னதான் கிடக்கு?" எண்டு கேட்டன்.

"பகிடி பெரிசா ஒண்டுமில்லை. பின்னால நிக்கிற ஆக்களைப் பாருங்கோ. உண்மையான பந்தயத் திடல், உண்மையான சனம், தொப்பி, பஸ். இப்ப இல்லாத லண்டன். கனக்கப் படங்களைக் குப்பையில போட்டிட்டினம். அதாலதான் தேடித் திரியிறம்" எண்டார்.

ஒரு தகரப் பெட்டியில கிழவர் கை வைக்க, "அது ஏலாது" எண்டு மறிச்சன். எட்டாம் நாள், எட்டுச் செலவு அண்டைக்குச் செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் படைக்கவேணும். புட்டும் கணவாய்க் கறியும் அவற்ற வாய்க்கு ஏத்தமாதிரிச் சமைச்சனான். படமும் ஒண்டு வைப்பம் எண்டு மேல கிடந்த இந்தப் பெட்டியைத் தூக்கி வாழையிலைக்குப் பக்கத்தில வைச்சனான். அதைத்தான் கிழவருக்குச் சொன்னன்.

கிழவர் மூடியில இருந்த பேரைப் பாத்திட்டுத் திகைச்சுப்போனார். "இதையோ? இது அவருக்குக் கண்ணிலயும் காட்டக்கூடாது! எத்தினை தரம் கேட்டும் எனக்குத் தரேல்லை. தன்ர மனுசிக்குப் பிடிச்ச படம், அவ கடைசிவரைக்கும் இருந்து பாத்தது இது ஒண்டுதான் எண்டவர்."

நான் பாத்தனானோ? ஷிப்ட் முடிஞ்சு வந்த களைப்பில, அவர் படம் போட லைட்டை நூத்த உடனை அந்தச் சோஃபாவிலயே நித்திரையாப் போனனான். எனக்கு அழுகை வந்திட்டுது. அட விசர் மனுசா, ஒருக்காத் திரும்பி என்ர முகத்தைப் பாத்திருக்கக்கூடாதோ!