அக்காவுக்கு ஏற்றிய மருந்து

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாக யாழ்ப்பாணத்தில் பிறந்த அக்கா, அப்பாவுக்குக் காணி கிடைத்தபோது கைக்குழந்தையாகக் கனகராயன்குளம் வந்து சேர்ந்தார். அம்மா இளவயதிலேயே கண்மூடிவிட, எனக்குச் சோறு ஊட்டியதும் தலை வாரிவிட்டதும் அவர்தான். இடப்பெயர்வில் எத்தனையோ வீடு மாறினோம். அக்காவின் மரக்கறிச் சட்டி மட்டும் எங்கும் தனியாகவே அடுப்பேறியது. முட்டை அவிகிற குசினிக்குள்கூடக் கால் வைக்கமாட்டார். "கோழிக்கும் உனக்கும் என்னடா கோவம்?" என்று என் சாப்பாட்டைப் பார்த்துக் கேட்பார்.

மீளக் குடியேறிய பின் ஒரு காலபோக நெற்பருவத்தில், வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்த அக்காவைப் புடையன் பாம்பு தீண்டியது. அயலவரின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். பல்முரசில் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. தாதி மருந்தை ஆயத்தப்படுத்த, டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு விளக்கினார். நூறு வருடங்களுக்கு முன்பே கண்ட வழியாம். முதலில் சிறு பிராணிகளுக்குக் கொஞ்சங் கொஞ்சமாக நஞ்சைக் கொடுத்துப் பழக்கிப் பார்த்தார்களாம், பிறகு குதிரைக்கு. நஞ்சைத் தாங்கிப் பழகிய குதிரையின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தெளிந்த நீர்தான் மருந்து.

முட்டையைக்கூடத் தொடாதவருக்கு இதை எப்படிச் சொல்வது? அக்காவுக்கு அன்று கந்தசஷ்டி விரதம் வேறு.

"தம்பி, உது என்னத்திலயடா செய்தது?" என்றார். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"மூலிகை, அக்கா."

"உண்மையா?"

"ஓம், முருகனாணை."

கையை நீட்டினார். மருந்து ஏறும்போது நடுக்கமும் தடிப்பும் வந்து, இரண்டு நாள் எங்களைப் படாத பாடு படுத்திவிட்டுத்தான் தேறினார்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். ஊரில் யாரைப் பாம்பு கடித்தாலும் அக்கா அங்கே நிற்பார். மந்திரம் சொல்லிப் பார்வை பார்க்கவும் பச்சிலை தேடவும் ஓடுகிறவர்களை மறித்து, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. அங்கயும் மூலிகைதான் ஏத்துறவை, எனக்கும் ஏத்தினவை" என்பார். விரதகாரி சொன்னால் மறுபேச்சு ஏது? அப்படிப் போய்ப் பிழைத்தவர்களில் இரண்டு பேர் அக்காவின் செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டார்கள்.

உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்த நாட்கள் உண்டு. மனம் நொந்துபோவாரே என்று விழுங்கிவிட்டேன். போன மாதம், பூசை முடித்துச் சாய்ந்த கதிரையிலேயே அக்கா போய்விட்டார். இனிச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அன்று ஓட்டோவை விரட்டிய அயலவருக்கும், டொக்டருக்கும் தாதிமாருக்கும், கிரியைகளில் கூட நின்ற உறவுகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அக்காவின் விரதம் முறிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். முறிந்திருந்தால் அந்தப் பாவம் என்னுடையது.

அக்கா, அண்டைக்கு உங்களிட்டப் பொய் சொல்லிப்போட்டன். மன்னிக்கச் சொல்லிக் கேக்கேல்லை. திரும்பவும் அப்பிடி ஒரு நாள் வந்தால், திரும்பவும் மூலிகை எண்டுதான் சொல்லுவன்.