கிரேன் கூண்டிலிருந்து இறங்கிய தலைவி

வலது உள்ளங்கையைத் தரை பார்க்கக் கவிழ்த்து, இடுப்பு உயரத்தில் இடமும் வலமுமாக ஒரு வெட்டு வெட்டினார் சூராகான் அக்கா. குப்பை வண்டிகளைப் பற்றி நெடுநேரமாக முழங்கிக்கொண்டிருந்த உறுப்பினர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மலையடிவாரத்து எங்கள் சாரிகெச்சு நகர மன்றத்தில் இதற்கு மணி கிடையாது, சுத்தியலும் கிடையாது. அந்த ஒரு வெட்டுதான். கிரேன்காரர்கள் பாஷையில் அதற்கு 'நிறுத்து' என்று பொருள். உள்ளங்கை வானம் பார்த்து எழும்பினால் 'தூக்கு'. மண் பார்த்துத் தாழ்ந்தால் 'இறக்கு'. இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் எதிரெதிரே நிறுத்தினால் 'கவனம், மெள்ள'. பள்ளிக்கூடத்துக்கு நிலக்கரி ஒதுக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்போது அக்கா அந்தக் கடைசிச் சைகையைக் காட்டுவார். மன்றமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

வீட்டுச் சுவர்களுக்கான கான்கிரீட் பலகை ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். கூண்டுக்குள் கத்தினால் கீழே கேட்காது, கீழே கத்தினால் கூண்டுக்குள் கேட்காது. அதனால் வாய்க்கு வேலை கொடுக்காமல் வளர்ந்த கை அது. எங்கள் ஊரில் நிற்கிற நான்கு மாடி வீடுகளில் எந்தச் சுவரைத் தட்டினாலும் அக்காவின் பெயரைச் சொல்லும். அவரே தட்டிக் காட்டுவார். "இந்தா, இது நான் தூக்கி வச்சது. பூகம்பம் வந்துச்சே, அசைஞ்சுச்சா? அலமாரியில இருந்த கண்ணாடி உடைஞ்சுதுன்னு பொலம்புனீங்க. கண்ணாடிய நான் வைக்கல."

ஆலையை மூடிய பிறகு சந்தையில் குழியடுப்பின் சுவரில் ஒட்டிக் கறி சம்சா சுட்டு விற்றார். அடுப்புக்குள் பாதி உடம்பை நுழைத்து மாவை ஒட்டிக்கொண்டே, வாங்க வந்தவர்களிடம் தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று விசாரித்தார். விசாரித்ததோடு நிற்காமல் ஏணி போட்டு ஏறியும் பார்த்தார். கீழ்த்தெரு ஜனங்கள் அவரை மன்றத்துக்கு அனுப்பினார்கள். போன குளிர்காலத்தில் மன்றம் அவரைத் தலைவியாக்கியது. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனதைப் பற்றி யாராவது குத்திப் பேசினால் அவருக்குச் சிரிப்புதான் வரும். "பள்ளிக்கூடம் என்னை விட்டுடுச்சு. நான் அத விட்டேனா? கூரை போட்டுக் குடுத்தேன்ல!"

மேலேயிருந்தே பார்த்துப் பழகியதால் யாருடன் பேசினாலும் தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கண்களைத் தாழ்த்தித்தான் பேசுவார். ஆறடி ஆள் எதிரே நின்றாலும் அப்படித்தான். ரப்பர் காலணி, பூப்போட்ட தலைத்துணி, கோட்டுப் பையில் வறுத்த சூரியகாந்தி விதை. தலைவியின் அறையில் ஒரு நல்ல தோல் நாற்காலி இருக்கிறது. அதில் அவருடைய உப்புத்தேநீர்க் குடுவை உட்கார்ந்திருக்கும். அவர் விடிந்ததும் தாய்க்கால்வாயின் கரையில் நடந்துகொண்டிருப்பார்.

அந்தக் கால்வாய்தான் இந்த வசந்தத்தில் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. மலைப்பனி உருகி வருகிற தண்ணீர் முதலில் மேல்தெருவைத் தொட்டு, பிறகு எங்கள் கீழ்த்தெருவுக்கு இறங்கும். மேல்தெருக் கோடியில் கால்வாய்க்குக் குறுக்கே கிடந்த கான்கிரீட் பலகைப் பாலம் குளிரில் வெடித்து உள்ளே விழுந்துவிட்டது. அதன் பின்னால் சேறும் கிளையும் அடைத்துக்கொண்டன. வெயில் ஏறினால் தண்ணீர் அங்கே முட்டி, கரையைத் தாண்டி, கீழ்த்தெருவின் பச்சைமண் வீடுகளுக்குள் புகும். மண்சுவர் தண்ணீரில் ரொட்டித்துண்டு மாதிரி ஊறும். ஒரே வழி அஷார். ஊரே கூடிக் கூலியில்லாமல் செய்கிற வேலை. ஆனால் கீழ்த்தெருவின் இளவட்டங்கள் பாதிப்பேர் ருஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். மண்வெட்டி பிடிக்கத் தெம்புள்ளவர்கள் மேல்தெருவில்தான். அந்தத் தெரு முழுக்க எசென்குல் என்ற பெரியவர் சொன்னபடி கேட்கும். எசென்குல் வரமாட்டேன் என்றுவிட்டார்.

காரணம் ஓர் ஆட்டுத்தலை.

வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் விருந்தில் நடந்தது அது. வேகவைத்த ஆட்டுத்தலை யாருக்கு முன் வைக்கப்படுகிறதோ அவர்தான் அந்தப் பந்திக்குப் பெரியவர். காதை அறுத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். கண்கள் இரண்டையும் இரண்டு பேர் பங்கிட்டுத் தின்றால் அவர்களுக்குள் பிணக்கு வராது என்பார்கள். சமையற்காரன் மம்பெத் இதுவரை எத்தனையோ மன்றத் தலைவர்களுக்குத் தலை வைத்தவன். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் கிழவர்கள். அன்றைக்கும் பழகிய கால் பழகிய இடத்துக்கே போயிற்று. தலைவரின் இடத்தில் தட்டை இறக்கிவிட்டு நிமிர்ந்தான். எதிரே சூராகான் அக்கா. பக்கத்தில், பந்தியிலேயே மூத்தவரான எசென்குல்.

"பெரியவரே, இது உங்களுக்கு" என்று அக்கா தட்டைத் தள்ளியிருக்கலாம். தள்ளவேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஆலைப் பந்திகளில் எல்லாம் கடைசியில் உட்கார்ந்து, வால் எலும்பைக் கடித்துக்கொண்டு, அந்தத் தலை போகிற திசையை மட்டும் பார்த்தவர் அவர். கை முந்திக்கொண்டது. காதையும் தின்றார். கண்ணையும் தின்றார், இரண்டையும். எசென்குல் தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

வேறு யாராக இருந்தாலும் அக்கா பொருட்படுத்தியிருக்கமாட்டார். எசென்குல், ஆலையில் அவருடைய சைகைக்காரர். கீழே நின்று கை காட்டுவது அவர், மேலே இருந்து தூக்குவது இவர். அத்தனை வருஷத்தில் ஒரு பலகை நழுவியதில்லை, ஒருவன் விரல் நசுங்கியதில்லை.

அஷாருக்கு வீடு வீடாகப் போய் அழைப்பதுதான் முறை. தலைவி என்றாலும் முறை முறைதான். எசென்குல் கதவைத் திறக்கவில்லை. தோட்டத்துச் சுவருக்கு மேலே தொப்பி மட்டும் தெரிந்தது.

"அண்ணே, வியாழக்கிழமை அஷார். வந்து நில்லுங்க."

"எனக்கு முட்டி வலி."

"நேத்து வாதுமை மரத்துல ஏறிக் கிளை வெட்டுனீங்களாம். முட்டி கூட வரலையா?"

"இருபது வருஷம் என் கையப் பாத்து வேலை செஞ்சவ நீ. இப்ப நான் உன் கையப் பாத்து நிக்கணுமா? அதான் தலைய முழுசாத் தின்னியே, அதுல இருந்த மூளைய வச்சு நீயே தூக்கிக்க!"

"தலையத் தின்னதுக்கு என்ன வேணும்னாலும் திட்டுங்க. தின்னேன், ருசியா இருந்துச்சு. ஆனா தண்ணி உங்க கோபத்தையும் பாக்காது, என் பதவியையும் பாக்காது. வரலேன்னா பரவாயில்ல, செவருக்கு மேல தலைய நீட்டி வேடிக்கையாவது பாருங்க. கிழவருக்குப் பொழுது போகும்."

தொப்பி சுவருக்குப் பின்னால் மறைந்தது. அக்கா விதையைக் கொறித்துக்கொண்டே திரும்பி நடந்தார். தோற்றவர் நடை அல்ல அது.

வியாழனன்று வெயில் சீக்கிரமே காய்ந்தது. கீழ்த்தெருக் கிழவர்களும் பெண்களும் மண்வெட்டியோடு கூடினார்கள். மேல்தெரு ஆட்கள் அவரவர் வாசலில் கைகட்டி நின்றார்கள். அடுத்த ஊரிலிருந்து வரவழைத்த கிரேன் லாரி, எசென்குலின் சுவரோரம் நின்றது. ஓட்டி வந்தவன் எல்டார் என்ற இளைஞன். சுவரும் மரமும் மறைத்ததால் கால்வாய்க்குள் கிடந்த பலகை அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. யூகத்தில் தூக்கினான். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஊசலாடி, மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு போனது. பெண்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். பலகையை வந்த இடத்திலேயே போட்டுவிட்டு எல்டார் கீழே குதித்தான்.

"என்னால ஆகாது அக்கா. யார் தலையிலயாவது விழுந்தா நான் உள்ள போயிடுவேன்."

கால்வாயில் தண்ணீர் பழுப்பாக ஏறத் தொடங்கியிருந்தது. அக்கா தலைத்துணியை இறுக்கிக் கட்டினார். ரப்பர் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அக்கா, மன்றத் தலைவி இதுல எல்லாம் ஏறலாமா? ஊரு என்ன சொல்லும்?" என்றான் மம்பெத், கையில் கரண்டியோடு.

"நான் ஏறுன ஏணிய எல்லாம் அடுக்குனா நிலாவுல போய் உப்புத்தேநீர் குடிச்சுட்டு வரலாம். தள்ளுடா."

ஏறி உட்கார்ந்தார். நெம்புகோல்கள் கைக்கு அடங்கின, பழைய தோழிகள் மாதிரி. ஆனால் அவருக்கும் பலகை தெரியவில்லை. மம்பெத் ஓடிப்போய்க் கரையில் நின்று இரண்டு கைகளையும் வீசினான்.

"என்னடா பண்ற? ஈ ஓட்டுறியா?"

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. நெம்புகோல்களிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரையும் கூப்பிடவில்லை. சுவரின் மேல்விளிம்பில் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கீழ்த்தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவின் கை மடியிலேயே கிடந்தது. சுவருக்குப் பின்னால் இருக்கும் மனிதரை அவருக்குத் தெரியும். ஒரு பலகை கோணலாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது.

வெள்ளைத் தொப்பி சுவருக்கு மேலே எழும்பியது. மறைந்தது. தோட்டத்துக் கதவு கிறீச்சிட்டது. எசென்குல் வந்து மம்பெத்தைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றார். கொக்கியைப் பலகையின் இன்னொரு துளைக்கு மாற்றச் சொன்னார். பிறகு கூண்டைப் பார்த்து இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் எதிரெதிரே நிறுத்தினார்.

கவனம். மெள்ள.

அக்கா நினைப்பதற்குள் கை நெம்புகோலுக்குப் போய்விட்டது. எசென்குலின் உள்ளங்கை எழும்பியது, பலகை எழும்பியது. உள்ளங்கை திரும்பியது, பலகை திரும்பியது. நடுவில் அவர் வாய் எதையோ திட்டிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை, இருபது வருஷமாக அதே வசவுதான். பலகை மரத்துக்கும் சுவருக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி வந்து, மேட்டில், ஒரு தட்டைக் கீழே வைப்பதுபோல உட்கார்ந்தது.

மேல்தெரு வாசல்களில் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. மண்வெட்டிகள் வந்தன. சேறு வெளியேற, தண்ணீர் ஒருமுறை உறுமிவிட்டுக் கால்வாய்க்குள்ளேயே இறங்கி ஓடியது. கீழ்த்தெருவில் ஒரு வாசற்படியைக்கூட அது தொடவில்லை.

வேலை முடிந்த இடத்திலேயே வாதுமை மரத்தடியில் விரிப்பு விரித்தார்கள். இரண்டு தெருவும் சேர்ந்து உட்கார்ந்தது. எசென்குலும் அக்காவும் எதிரெதிரே, இன்னும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல். மம்பெத் அண்டாவிலிருந்து ஆட்டுத்தலையை எடுத்துத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். பந்தியின் நடுவில் வந்ததும் நின்றுவிட்டான்.

"போன தடவை என் கால் பண்ணுன வேலை போதும். எங்க வைக்கணும்னு யாராவது வாயத் தொறந்து சொல்லுங்கப்பா."

எசென்குல் உட்கார்ந்தபடியே முழங்கையை மடக்கி, உள்ளங்கையை அக்கா இருந்த பக்கம் காட்டினார். மம்பெத் விழித்தான்.

"என்ன அண்ணே, நீங்களும் ஈ ஓட்டுறீங்களா?"

"அந்தப் பக்கம்டா கழுதை!"

பந்தி வெடித்துச் சிரித்தது. எசென்குல் உள்ளங்கையைக் கவிழ்த்து, மெள்ள, மெள்ள, தாழ்த்தினார். தட்டு சூராகான் அக்காவுக்கு முன்னால் இறங்கியது.

அக்கா தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு அந்தத் தலையைப் பார்த்தார். கத்தியை எடுத்தார். இந்தத் தடவை காதுப் பக்கம் போகவில்லை. ஒரு கண்ணைப் பதமாகத் தோண்டி எடுத்து, விரல்நுனியில் ஏந்தி, விரிப்புக்குக் குறுக்கே எசென்குலின் உள்ளங்கை வரைக்கும் கையை நீட்டினார்.