மூப்பர் வந்து நிற்கிறார்

ஓய்வு பெற்ற முதல் மாதம், மனிசியின் குசினி அலுமாரியில் இருந்த மிளகு, சீரகச் சரக்குப் போத்தல்களை அகர வரிசைப்படி அடுக்கினேன். இரண்டாம் மாதம் அவள் ஒரு பைனாக்குலர் வாங்கி வந்து என் கையில் தந்து, "இஞ்சாருங்கோ, வெளியில போய் எதையாவது பாருங்கோ" என்றாள். நான் பறவை பார்க்கத் தொடங்கிய வரலாறு இவ்வளவுதான்.

தலைமன்னாரில் பறவைக்குக் குறைவில்லை. மழை விட்டதும் வெளியூர்க்காரர் வான் பிடித்து வந்து, பூநாரைக் கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். பூநாரை நல்ல பறவைதான். ஆனால் அரசாங்கக் கச்சேரியில் விண்ணப்பம் வாங்கும் மேசையில் முப்பது வருடத்துக்கு மேல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குக் கூட்டத்தில் என்ன புதினம்? எனக்கு வேண்டியது தப்பித் தவறி வரும் ஒற்றைகள். ஒரு கொப்பியில் அப்படி ஏழு பறவைகளைப் பட்டியலிட்டு, மேலே சிவப்பு மையால் "எதிர்பார்க்கப்படுபவை" என்று எழுதி அடிக்கோடிட்டேன். முதலாம் இலக்கம் சிப்பிபிடிப்பான். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கரட் கிழங்கு போல நீண்ட சொண்டு, சிவந்த கண். அந்தச் சொண்டால் கல்லில் ஒட்டிய சிப்பியைப் பிளந்து தின்னும்.

அரிய பறவையைக் கண்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது. கொழும்பில் ஒரு குழு இருக்கிறது. அவர்களிடம் நான்கு பக்கத்தில் ஒரு படிவம் இருக்கிறது. தூரம் எவ்வளவு, வெளிச்சம் எந்தப் பக்கம், இதைப் போன்ற வேறு பறவை அல்ல என்று எப்படித் தீர்மானித்தீர், எல்லாம் கேட்டிருப்பார்கள். என் சேவைக்காலத்தில் இவ்வளவு அழகான படிவத்தை நான் கண்டதில்லை. போன வருடம், மற்றப் பறவையின் வாயிலிருந்து மீனைப் பறித்துத் தின்னும் ஒரு கடற்பறவையைக் கண்டு, நிரப்பி அனுப்பினேன். இரண்டு கிழமையில் திரும்பி வந்தது. "சாட்சியின் கையொப்பம் இல்லை." இதே வசனத்தை நான் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன் என்று கணக்கில்லை. வாங்குபவனுக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் குழுவின் பதிவேட்டில் என் பெயரில் ஒரேயொரு வரி வந்துவிட வேண்டும் என்ற வெறி அதோடு பிடித்துக்கொண்டது. சின்ன ஆசை என்று பணிவாகச் சொல்லலாம். அது பொய்.

கரையில் ஒரு மீனவரிடம், வழக்கத்தில் இல்லாத பறவை எது வந்தாலும் போன் எடுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அதுவரை அவர் அறிவித்தவை இரண்டு காகமும் ஒரு பட்டமும். தை மாதத்தில் ஒரு காலை, நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அழைத்தார்.

"ஐயா, பழைய இறங்குதுறையடியில மூப்பர் வந்து நிக்கிறார். கெதியா வாங்கோ."

மூப்பர் என்றால் எங்கள் வேதக்கோயிலில் செபம் சொல்லிக் கொடுப்பவர், சுவாமியாருக்கு அடுத்த ஆள். என்னைத் திருநாள் குழுவுக்குச் செயலாளராக்கப் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருந்தார். நடைமுறை தெரிந்தவன் ஊரில் ஒருத்தன் இருந்தால் அவனுக்கு இதுதான் கதி.

"நான் ஊரில இல்லையெண்டு சொல்லும்" என்றேன்.

"ஆருக்கு ஐயா?"

"மூப்பருக்குத்தான்."

"அவருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"கிட்டப் போய் வாயால சொல்லும்!"

"சரி ஐயா" என்று வைத்துவிட்டார்.

பின்னேரம் மீன் வாங்கப் போனபோது அந்த மீனவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நான் கிட்டப் போய்ச் சொன்னனான் ஐயா. ஐயா ஊரில இல்லையாம் எண்டு. பறந்திட்டார்."

"என்ன, பறந்திட்டாரோ?"

"பின்ன? செட்டை இருக்கிறவர் பறக்காமல் பஸ்ஸிலயே போவார்?"

கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, ஒவ்வொரு அடியாக யோசித்து வைக்கும் நடை. அந்தக் கரையில் சிப்பிபிடிப்பானுக்கு எப்போதோ மூப்பர் என்று பெயர் வைத்துவிட்டார்களாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பெயர். முதலாம் இலக்கத்தை என் வாயாலேயே கலைத்து அனுப்பியிருந்தேன். வீட்டில் சொன்னேன். மனிசி கதிரையில் சாய்ந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் காலையும் மாலையும் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போய் நின்றேன். உள்ளான்கள் ஓடின. ஆலாக்கள் கத்தின. அது வரவில்லை. இந்தப் பறவை ஒரு நாள் தங்கும், அல்லது ஒரு மாதம் தங்கும். நம்மிடம் விடுமுறைக் கடிதம் தந்துவிட்டா போகப் போகிறது?

நான்காம் நாள் காலை, இறங்குதுறைக்கு அப்பால் கல்லுகளின் மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று அசைந்தது. பைனாக்குலரை உயர்த்தினேன். கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, கையில் குடை. கோயில் மூப்பர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். ஒளிக்க ஒரு பனைகூட இல்லை. பைனாக்குலரைக் கொஞ்சம் இறக்கினேன். அவருக்கும் எனக்கும் நடுவில், பாசி பிடித்த கல்லொன்றில், சிவந்த சொண்டை நீட்டிக்கொண்டு மற்றவர் நின்றார்.

மூப்பருக்குக் கோயிலின் கடைசி வாங்கில் இருக்கிறவருக்கும் கேட்கும் குரல். அவர் வாயைத் திறக்கப் போவதைக் கண்டு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டு, கல்லை நோக்கி விரலை நீட்டினேன். அவர் அப்படியே நின்று, நான் காட்டிய திசையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தமிடப் போகிறவரைப் போல மெதுவாகச் சுற்றி வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"செயலாளருக்கு வேற ஆள் பிடிச்சாச்சு. அதைச் சொல்லத்தான் வந்தனான், நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்று காதுக்குள் சொன்னார். பிறகு, "இவரோ அவர்? எனக்கு முதல் இருந்த மூப்பருக்கும் இந்தப் பகிடிதான். பொடியள் முகத்துக்கு நேரவே சொல்லுவாங்கள்."

பைனாக்குலரைக் கொடுத்தேன். பறவை ஒரு சிப்பியைத் தட்டிப் பார்த்தது. சரிவரவில்லை. அடுத்ததற்குப் போய், சொண்டை நுழைத்து, திருகி, உள்ளே இருந்ததை இழுத்து விழுங்கியது. "ஐயோ, பூட்டைத் திறப்புப் போட்டுத் திறக்கிற மாதிரியல்லோ!" என்று மூப்பர் தன் சொந்தக் குரலில் சொல்லிவிட்டார். பறவை எழும்பியது. கறுப்புச் செட்டையில் அகலமான வெள்ளைப் பட்டை விரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல எழும்பி நின்று கத்தினோம்.

மணலில் குந்தியபடியே, பையில் கொண்டு திரிந்த படிவத்தை நிரப்பினோம். வேறு பறவை அல்ல என்று எப்படித் தீர்மானித்தீர் என்ற இடத்தில், "நான் கண்ணாடியில் தினமும் பார்க்கும் உருவம்" என்று எழுதட்டா என்று மூப்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். சொண்டு, கண், செட்டைப் பட்டை என்று ஒழுங்காக எழுதிச் சாட்சியாகக் கையெழுத்து வைத்தார். பிறகு நேரம் என்ற கட்டம் வந்தது. என் மணிக்கட்டில் மணிக்கூடு இருந்தது. நான் அதைப் பார்க்கவேயில்லை.

"ஏழரை எண்டு போடுங்கோவன்" என்றார் மூப்பர்.

"அது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப போடேலாது."

"நேரம் குறிக்கப்படவில்லை" என்று எழுதினேன். இதே ஒரு வசனத்துக்காக நானே விண்ணப்பங்களைத் திருப்பியிருக்கிறேன். அனுப்பிவிட்டு ஒரு மாதம் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக் கிடந்தேன்.

பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது. கீழே ஒரு குறிப்பு: இனிமேல் நேரம் தவறாது குறிக்கப்பட வேண்டும். சரியான குறிப்பு. அவர்கள் அதை எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் குழுவில் எனக்கு மதிப்புக் குறைந்திருக்கும். கடிதத்தை மனிசிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இன்னும் ஆறு பறவை இருக்கிறதே, அடுத்த முறை நானும் வாறன் என்றாள்.

"ஒரே வீட்டுக்காரர் சாட்சியாக இருக்கேலாது, மூன்றாம் பக்கத்தில தெளிவாப் போட்டிருக்கு" என்றேன்.

"உங்கட பேப்பரில கையெழுத்து வைக்க ஆர் வந்தது? நான் பாக்க வாறன்" என்று சொல்லிவிட்டுத் தொப்பி தேடப் போனாள்.