வெளிநாட்டுப் பாவனைக்கு மாத்திரம்

போன சனிக்கிழமை கற்பிட்டியில், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலின் குளிரூட்டிய மண்டபத்தில் உட்கார்ந்து, கைதட்டிக் கைதட்டி என் உள்ளங்கை சிவந்துவிட்டது. விருது விழா. அரசாங்க மருத்துவ ஆராய்ச்சி, ஆய்வுகூடத்தை விட்டு வெளியேறி சனங்களின் கைக்கு மருந்தாக வந்து சேர்ந்ததைப் பாராட்டும் விழா.

நல்ல விஷயம்தானே? நானும் அப்படி நினைத்துத்தான் போனேன்.

எனக்கு அழைப்பு வந்ததற்கு இந்தப் பத்தியும் ஒரு காரணம். உப்பளத் தொழிலாளிகளின் கால்களைப் பற்றி இங்கே நான் முன்பு புலம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். மற்றக் காரணம் என் மச்சான், என் அக்கா ஹாஜரா ராத்தாவின் கணவர் ரசாக். புத்தளத்து உப்பளத்தில் காலம் காலமாக வெறுங்காலோடு நின்று உப்பு வாருகிறவர். சப்பாத்துப் போட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து இன்னும் மோசம் என்பார். விழா மேடையின் பின்னால் கட்டியிருந்த பெரிய பதாகையில் இரண்டு கால்கள் தெரிந்தன. அவை அவருடைய கால்கள். ஒன்று வெடித்துப் பிளந்தது. மற்றது மருந்து பூசி ஆறியது.

"பயனாளி" என்று அவரை முன்வரிசைக் கதிரையில் உட்கார வைத்திருந்தார்கள். பயனாளியின் வலது காலில், கட்டாரில் இருக்கும் மகனின் பழைய சொக்ஸ். அதற்குள்ளே கட்டு. கட்டுக்குள்ளே காயம்.

காலையில் அவரைக் கூட்டிவரப் போனபோதே பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே வெடித்து, ஓரம் கறுத்து, நடுவில் ஈரம். மச்சானுக்குச் சீனி வருத்தமும் உண்டு, நீரிழிவு. வலி தெரியாது. அதுதான் பயமே. இந்தக் கிழமை கிளினிக்குக்குள் ஆறாவிட்டால் வெட்டுவதைப் பற்றிக் கதைக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம். அதை ராத்தா என்னிடம் சொன்னது அடுப்படியில், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அவருக்குக் கேட்காமல்.

"அந்த ஆராய்ச்சிக்காரங்கட மருந்து பூசல்லயா மச்சான்? நல்லா ஆறிச்சே அப்ப?" என்று கேட்டேன்.

"அது இன்னம் வரல்லயே தம்பி. வந்தா பூச மாட்டனா?"

வரவில்லையாம். எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது. மருந்து கைக்கு வந்ததற்கு விழா எடுக்கிறார்கள், மருந்து வரவில்லை என்கிறார் பயனாளி! சரி, விழாவில் கேட்டுவிடுவோம் என்று காரை எடுத்தேன்.

இந்த மருந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து ஒரு பெண் டொக்டர், ஆராய்ச்சிக்காரர், உப்பளத்துக்கே வந்தார். நம் ஆட்கள் அவரை "டொக்டர் மிஸ்" என்பார்கள். வெயிலில் குந்தியிருந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தார். வெள்ளை டப்பாவில், பெயர்கூட ஒட்டாமல், ஒரு களிம்பைக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்: "பூசுங்க." காலையில் வந்தால் பூசுங்க. வேலை முடிந்தால் பூசுங்க. மச்சானின் கால் கண்ணாடி மாதிரி ஆனது. ராத்தாவே வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கால்ல இனி கல்யாணமும் பேசலாம்" என்று பகிடி பண்ணினார்.

பிறகு பரிசோதனை முடிந்தது, டப்பாவும் முடிந்தது. மருந்தை ஒரு கம்பெனி செய்து விற்பதற்கு ஒப்பந்தமாகிறது, வரும், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். பொறுத்தார்கள்.

நம் நாட்டில் அரசாங்க ஆராய்ச்சிக்கு வழக்கமாக என்ன நடக்கும்? அறிக்கையாகி, தடித்த அட்டை போட்டு, ஏதோவொரு அலுவலக அலுமாரியில் தூங்கும். இது தூங்கவில்லை. எழும்பி, டியூபுக்குள் புகுந்து, வெளியே வந்தது. அதற்கு விருது கொடுத்தால் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. நான் கைதட்டியதும் மனதாரத்தான்.

ஆராய்ச்சி நிறுவனத்தின் பணிப்பாளர் பேசினார். கம்பெனிக்காரர் பேசினார். "தொழில்நுட்பக் கைமாற்றம்" என்ற சொல் வாய்க்கு வாய் வந்தது. கேடயம் ஒன்று பணிப்பாளரின் கையிலிருந்து டொக்டர் மிஸ்ஸின் கைக்கு மாறியது. கமெராக்காரர்களுக்காகத் திரும்பவும் ஒரு தடவை மாறியது. அது என் பக்கத்து மேசையில் வைக்கப்பட்டபோது எட்டிப் பார்த்தேன். மூன்று மொழியிலும் வாசகம். தமிழில் ஒரு பிழை இல்லை. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன்… அப்படி நினைத்திருக்கக் கூடாது.

அடுத்து, "பயனாளியின் அனுபவம்". மச்சானை மேடைக்கு ஏற்றினார்கள். சொக்ஸ் காலோடு மெதுவாக ஏறினார். அறிவிப்பாளப் பிள்ளை அவர் கையில் ஒரு பளபளப்பான டியூபைக் கொடுத்து, ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடித்து, "ஐயா, இந்தக் களிம்பால் உங்களுக்குக் கிடைத்த நன்மையைச் சொல்லுங்கள்" என்றான்.

மச்சான் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதா? இது எங்கட ஊட்டுலயும் ஒரு பெட்டி இரிக்கே! போன நோம்புக்கு முந்தியே கொண்டுவந்து தந்தாங்க. நாங்க பூசல்ல, சேர். இது வெளிநாட்டுக்குப் போற சாமான்தானே. மகன் கட்டார்ல இரிக்கான், அவனுக்கு அனுப்ப எண்டு ஊட்டுல அலுமாரிக்குள்ள பத்திரமா வெச்சிரிக்காங்க. எங்களுக்கு அந்த வெள்ளை டப்பா மருந்துதான் வேணும். அத எப்ப தருவீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளிநாட்டுக்கா? எந்த வெளிநாட்டுக்கு?

அறிவிப்பாளப் பிள்ளை ஒரு நொடி திகைத்தான். பிறகு சபைக்குச் சிங்களத்தில் மொழிபெயர்த்தான்: இந்த மருந்து இப்போது வெளிநாட்டுக்கும் போகிறது என்கிறார் ஐயா, கட்டாருக்கு அனுப்புகிறார்களாம், இன்னும் வேண்டும் என்று கேட்கிறார்!

மண்டபம் அதிர்ந்தது. கம்பெனிக்காரர் எழுந்து நின்றே கைதட்டினார். பணிப்பாளர் ஒலிவாங்கியை வாங்கி, ஏற்றுமதிக்கான வாய்ப்பைப் பற்றி இன்னொரு பேச்சே பேசினார். நடுவே மச்சான், தான் கேட்ட கேள்விக்கு இவ்வளவு பெரிய பதிலா என்று பணிவோடு தலையாட்டிக்கொண்டு நின்றார்.

விருந்தினர் எல்லோருக்கும் ஒரு பை தந்திருந்தார்கள். என் பையைக் கொட்டினேன். அதே டியூப். ஆங்கிலத்தில் ‘எக்ஸ்டேர்னல் யூஸ் ஒன்லி’ என்று சரியாக இருந்தது. சிங்களத்திலும் சரி. தமிழில்?

"வெளிநாட்டுப் பாவனைக்கு மாத்திரம்."

வெளிப் பாவனைக்கு மாத்திரம் என்றிருக்க வேண்டும். அதாவது, விழுங்காதே, தோலில் பூசு என்பது. எவரோ ஒரு புண்ணியவான் அதை ஏற்றுமதி செய்துவிட்டார்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்திருக்கும். அலுவலகப் பலகைகளில் நம் தமிழ் படும் பாட்டைப் படம் எடுத்து முகநூலில் போட்டு, சிரிக்கிற முகம் நூறு வாங்குகிறவன்தான் நானும். ஆனால் இதைப் படித்தபோது என் கண் போனது மேடைக்கு. அந்தச் சொக்ஸுக்கு. பலகையில் எழுதினால் அலுவலகத்தில் வழி தவறும். மருந்தில் எழுதினால்?

நான் எழும்புவதற்குள் இன்னொருவர் எழும்பிவிட்டார். டொக்டர் மிஸ். அவருக்கு மச்சான் சொன்னதில் எதுவும் விளங்கவில்லை. ஒரே ஒரு சொல்லைத் தவிர. மேடையிலிருந்து இறங்கிய மச்சானை மறித்து, கலங்கிய முகத்தோடு கேட்டார்:

"பூசல்ல? பூசல்ல கிவ்வா நேத?" பூசவில்லை என்றுதானே சொன்னீர்கள் என்கிறார்.

கைதட்டிய இருநூறு கைகளுக்கு நடுவே, அந்த அம்மாவின் காதில் மட்டும் சரியான சொல் விழுந்திருக்கிறது. நான் டியூபைக் காட்டி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவர் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு அந்தப் பட்டுச் சேலையோடு, ஹோட்டல் கம்பளத்தில் உப்பளத்தில் குந்தின மாதிரியே குந்தினார். மச்சானின் சொக்ஸைக் கழற்றினார்.

அவர் அழவில்லை. கோபப்பட்டார். "இது வெடிப்பு காயமாக முந்திப் பூச வேண்டிய மருந்து. இப்போது இது வெடிப்பில்லை, காயம். இதுக்கு இது போதாது" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்தார். ஆஸ்பத்திரிக்கு அவரே பேசினார். தன் வாகனத்தையே கொடுத்தார். கேடயம் மேசையிலேயே கிடந்தது.

இடையில் பணிப்பாளர் வந்தார். "சின்ன எழுத்துப் பிழை ஒன்று போல" என்றார்.

எழுத்துப் பிழையா? எழுத்தெல்லாம் தங்கமாக இருக்கிறது ஐயா, பொருள்தான் விமானம் ஏறிவிட்டது என்றேன். தமிழை யார் பார்த்தது என்று கேட்டேன். ஆங்கிலத்தை ஒரு குழு பார்த்ததாம். சிங்களத்தை ஒரு குழு பார்த்ததாம். தமிழ்? டியூபில் தமிழ் இருக்கிறதா என்று பார்த்தார்களாம். இருந்ததாம்!

மொழிபெயர்த்தவரின் நியாயத்தையும் அவரே சொன்னார். எக்ஸ்டேர்னல் என்றால் வெளிநாடுதானே, வெளிநாட்டு அலுவல்கள் என்கிறோமே என்றாராம் அவர். ஒரு டியூபைக் கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டமைச்சை நினைக்கிற மனிதரை நான் என்ன சொல்ல? சரி, எப்போது திருத்துவீர்கள்? அடுத்த தொகுதி அச்சடிக்கும்போது பார்ப்பார்களாம். அதுவரை?

"அதுவரை… ஒரு அறிவுறுத்தல் அனுப்பலாம்."

தமிழிலா என்று கேட்க நினைத்தேன். வாகனம் கிளம்பிவிட்டது, ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் மச்சானை வார்டில் விட்டுவிட்டு, ராத்தாவைக் கூட்டிவர வீட்டுக்குப் போனேன். அலுமாரியைத் திறந்து காட்டினார். பட்டுத் துணியில் சுற்றி, மகனின் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், ஒரு பெட்டி நிறைய டியூப்கள். ஒன்றின் மூடிகூடத் திறக்கப்படவில்லை.

"ஏன் ராத்தா, ஒரு வார்த்தை எனக்கிட்ட கேக்கக் கூடாதா? நம்மட காலுக்கு நம்மட ஊருல செஞ்ச மருந்த ஏன் வெளிநாட்டுக்கு எழுதப்போறாங்க?"

ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்ல றால் எங்க போகுது? வெளிநாட்டுக்கு. நல்ல நண்டு எங்க போகுது? வெளிநாட்டுக்கு. கடலட்ட எங்க போகுது? இந்த ஊருல நல்ல சாமான் எது நமக்குத் தந்திரிக்காங்க தம்பி? இதப் பாத்தா மினுங்குது. நல்ல சாமான் எண்டு வெளங்கிச்சி. அப்ப நமக்கில்ல. பிழையாக் குடுத்திட்டாங்க, அவங்கட சாமான நாம பூசினா ஹறாமாப் போயிரும் எண்டு பயந்தன். மகன் வெளிநாட்டுலதானே இரிக்கான், அவன் பூசினா ஹலால்தானே?"

அந்த ஒரு சொல் பிழையாக இருந்தும் ராத்தா நம்பியதற்குக் காரணம், நம் கரையில் அது பிழையாகத் தோன்றாததுதான். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் நேர்மை. தன் பங்கை எடுத்துப்போய், காற்றாடி கட்டிக் கடலில் சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரனிடம் கொடுத்துவிட்டாராம். அவன் வெயிலில் வெந்த மூக்கில் பூசிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனானாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆய்வுகூடத்திலிருந்து கம்பெனிக்கு வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து புத்தளத்துக்கு வந்துவிட்டது. வீட்டு வாசலைத் தாண்டி அலுமாரிவரை வந்துவிட்டது. அலுமாரியிலிருந்து ஒரு மனிதனின் காலுக்கு வர மட்டும் முடியவில்லை. பெயரில்லாத டப்பாவில் இருந்தபோது வாயால் சொல்லிக் கொடுத்தார்கள், கால் ஆறியது. பளபளப்பான டியூபுக்கு வந்ததும் சொல்லிக் கொடுக்க ஆளில்லை, எழுதிக் கொடுத்தார்கள். அந்த எழுத்தைப் படிக்கிறவள் எப்படிப் படிப்பாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மருந்து கடைசி ஆளின் தோலில் படாதவரை எதற்கு ஐயா கைமாற்றம் என்று பெயர்? அதுவரை அது வெறும் போக்குவரத்து.

செவ்வாய்க்கிழமை மச்சானின் பெருவிரலை எடுத்தார்கள். கால் தப்பியது. டொக்டர் மிஸ் சரியான நேரத்தில் குந்தியிராவிட்டால் அதுவும் இருந்திருக்காது என்று வார்டில் சொன்னார்கள். மச்சான் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டு, "பேனர்ல போட்ட படத்த மாத்தச் சொல்லு தம்பி. இப்ப விரல் கணக்குச் சரிவராது" என்றார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. அவர் சிரித்தார்.

ராத்தா அலுமாரியைக் காலி செய்து பெட்டியையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார். மச்சானுக்கு இன்னொரு கால் இருக்கிறதே. வார்டில் இன்னும் இரண்டு உப்பளக்காரர்களும் இருக்கிறார்களே. என் சட்டைப் பையிலிருந்து பேனையை உருவி, ஒவ்வொரு டியூபாக எடுத்து, "வெளிநாட்டுப்" என்பதில் "நாட்டு" என்ற மூன்று எழுத்தையும் அழுத்தி வெட்டினார். வெளிப் பாவனைக்கு மாத்திரம். திருத்தம் முடிந்தது. அடுத்த தொகுதி தேவைப்படவில்லை.

பிறகு முதல் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"அட அல்லா… அதே வெள்ள டப்பா மருந்துதான்!"

மச்சானின் இடது காலை மடியில் தூக்கி வைத்து, விரல் விரலாகப் பூசத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை வருட ஆராய்ச்சியும் அத்தனை மைல் கடந்து சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தது அப்போதுதான். மண்டபமும் இல்லை, பதாகையும் இல்லை, கைதட்டவும் ஆளில்லை.

அடுத்த வருடமும் விருது கொடுப்பார்கள். கொடுக்கட்டும். எனக்கு ஒரே ஒரு சிபாரிசு உண்டு: அந்தப் பேனைக்குக் கொடுங்கள்.