பம்ப் ஹவுஸில் இன்னும் ஒருவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அன்று அந்த ஜன்னல் வழியாகப் பார்த்த கண் இது. வேறு யாரோ சொல்லிக் கேட்டதில்லை.

பேய் என்றால் ராத்திரிதான் என்று நானும் நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். 1978, ஏப்ரல் மாதம், ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில் நேரம்.

என் பெயர் கிளாடிஸ். ஊர் நாசரேத். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு ஹைதராபாத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரமாக இருந்த ஒரு கெமிக்கல் ஃபேக்டரிக்கு எங்கள் மெஷின் ஒன்றை விற்றிருந்தோம். பீரோ அளவு இருக்கும். விஷவாயு கசிந்தால் அலாரம் அடிப்பது அதன் வேலை. அந்த மெஷின் பதினோரு நாளுக்கு ஒருமுறை நின்றுபோனது. அது நின்றால் அலாரமும் ஊமை. பிப்ரவரியில் அப்படி ஒருநாள் இரண்டு பேர் வாயுவில் மயங்கி விழுந்திருந்தார்கள். அதனால்தான் என்னை அனுப்பினார்கள்.

மெஷினை ஓட்டும் அடிப்படைப் புரோகிராமைக் கர்னல் என்போம். ஒருவர் தன் நம்பரை அடித்து உள்ளே வந்தால், கர்னல் அவருக்கென்று நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கும். அந்த இடத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கையும் வைத்திருக்கும். கடைசி ஆளும் விட்டதும் எண்ணிக்கை பூஜ்யம். பூஜ்யம் ஆனால் அந்த இடத்தை அழித்து, அடுத்து வருபவருக்குக் கொடுத்துவிடும்.

ஓர் இடம் மட்டும் அழியவே இல்லை. எண்ணிக்கை எப்போதும் ஒன்று. நாளாக ஆக அது வீங்கி, நினைவகத்தை நிறைத்து, மெஷினை நிறுத்திவிடும். எண்ணிக்கையைக் குறைக்க யாரோ மறந்து எழுதிய புரோகிராம், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மூன்று நாள் வரிவரியாகப் பார்த்தேன். புரோகிராமில் தப்பே இல்லை.

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கர்னல் ஒவ்வொரு லைனிலும் ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். பதில் வராவிட்டால் ஒன்றைக் கழிக்கும். அந்த லைனில் பதில் வந்துகொண்டிருந்தது. பழைய பம்ப் ஹவுஸ் லைன். அதில் வந்த ஆள் நம்பர் 417.

கன்ட்ரோல் ரூமில் என்னோடு இருந்தவர் வெள்ளத்துரை. ஷிஃப்ட் ஆபரேட்டர். ஐம்பது வயசு இருக்கும்.

“அண்ணாச்சி, 417 யாரு?”

அவர் கையில் இருந்த டீ டம்ளர் அப்படியே நின்றது.

“செந்தூர்பாண்டி. சனவரியிலயே வேலைய விட்டு ஓடிட்டாம்னு சொன்னாவ.”

“பம்ப் ஹவுஸ்ல இப்ப யாரு இருக்கா?”

“யாருமில்ல. பூட்டிக் கெடக்கு. புது பம்ப் ஹவுஸ் வந்துட்டுல்லா.”

மணி 11:50. மெஷினோடு இருந்த பிரிண்டர் பதிலை அடித்தது. 417.

நான் எழுந்து மெஷினுக்குப் பின்னால் போனேன். பம்ப் ஹவுஸ் லைனின் வயரைப் பிடுங்கி மேஜையில் போட்டேன். இனி பதில் வர வழியே இல்லை. உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

12:00.

417.

பிடுங்கிய வயர் என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது...

“அங்க போய்ப் பார்ப்போம், அண்ணாச்சி.”

அவர் வர மாட்டேன் என்றார். நான் தனியாக நடக்கத் தொடங்கியதும் பின்னாலேயே வந்தார். உப்பு பூத்த மணல். காற்று இல்லை. காகம்கூட இல்லை. இருபதடி தூரத்தில் அவர் நின்றுவிட்டார். அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

கதவில் பூட்டு. துரு ஏறி ஒரே கட்டியாக இருந்தது. திறந்து மாதக்கணக்கு ஆகியிருக்கும். பக்கத்து ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது.

மணி பார்த்தேன். 12:10.

டக்.

டக்.

டக்.

உள்ளே இருந்து.

கண்ணை ஜன்னலில் வைத்தேன். ஒரு மேஜை. அதன்மேல் எங்கள் கம்பெனி டெலிபிரிண்டர், லைன் வழியாக மெஷினுக்கு எழுத்தை அனுப்பும் டைப்ரைட்டர். மேலெல்லாம் வெள்ளையாக உப்பு. மூன்றே மூன்று கீ மட்டும் கறுப்பாகப் பளபளத்தன. நாலு. ஒன்று. ஏழு.

ஆள் இல்லை.

ஏழாம் கீ மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது. யாரோ அப்போதுதான் விரலை எடுத்த மாதிரி.

அந்தக் கீ ஈரமாக இருந்தது...

எப்படித் திரும்பி வந்தேன் என்று நினைவில்லை. 12:25-க்கு கன்ட்ரோல் ரூமில் போன் அடித்தது. மேனேஜர்.

“ஒரு மணிக்கு டேங்கர் லோடிங். அலாரம் ஓடணும்.”

நினைவகம் கிட்டத்தட்ட முழுதும் நிறைந்திருந்தது. எந்த நிமிஷமும் நிற்கும். மறுபடி முதலிலிருந்து ஏற்ற இரண்டு மணி நேரமாகும். ஒரே வழிதான். முன்பக்கத்து சுவிட்சுகளால் அந்த எண்ணிக்கையை நானே பூஜ்யமாக்குவது.

வெள்ளத்துரை என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நின்றார்.

“வேண்டாம்மா. அவன் இருக்காம்னுதான அது சொல்லுது? நீங்க இல்லன்னு எழுதிராதிய.”

“அலாரம் நின்னா முப்பது உசுரு, அண்ணாச்சி.”

12:41. பூஜ்யம் போட்டேன்.

இடம் அழிந்தது. மெஷின் நன்றாக ஓடியது. சோதித்துப் பார்க்க என் நம்பரை அடித்து நான் உள்ளே போனேன். 902.

தாளில் விழுந்தது, 417.

மறுபடி அடித்தேன். 902.

417.

எங்கள் வேலையில் எல்லோரும் பயப்படுகிற தப்பு ஒன்று உண்டு. ஒருவர் இன்னும் பிடித்திருக்கும்போதே அவர் இடத்தை அழிப்பது. அழித்த இடம் அடுத்து வருபவருக்குப் போகும். முதல் ஆளோ போயிருக்க மாட்டார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

அடுத்து வந்தவள் நான்.

எண்ணிக்கையைக் கேட்டேன்.

2.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அறையில் கடல் பாசி நாற்றம். பிரிண்டரில் இருந்த தாள் நனைந்து சுருண்டது. நான் எதையும் தொடவில்லை...

டக்... டக்... டக்...

மூன்று எழுத்து. ஆனால் இந்தத் தடவை நம்பர் இல்லை. ஆங்கில எழுத்துகள். LID. படித்தேன்.

“மூடின்னு அடிச்சிருக்கு. எந்த மூடி, அண்ணாச்சி?”

திரும்பினேன். வெள்ளத்துரை தரையில் உட்கார்ந்திருந்தார். வாய் கோணிக்கொண்டு போனது.

“நான்தாம்மா மூடுனேன்.”

“என்னத்தை?”

“பம்ப் ஹவுஸுக்குப் பின்னால உள்ள கடல்தண்ணித் தொட்டிய. சனவரி பதினொண்ணு. பழசை இழுத்து மூடச் சொன்னாவ. உள்ள யாரும் இருக்கியளான்னு சத்தங் குடுத்தேன். பதில் இல்ல. இரும்பு மூடியப் போட்டு போல்ட்ட முறுக்கிட்டேன். சாயங்காலம் தட்டுற சத்தம் கேட்டுச்சு. அலைன்னு நெனச்சேன்.” நிறுத்தினார். “அலைன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“யாருகிட்டயும் சொல்லலியா?”

“அவன் பொண்டாட்டி ஃபேக்டரி கேட்டுக்கு வந்து அழுதப்பதான் மேனேஜர்ட்ட போய்ச் சொன்னேன். ஓடிட்டான்னு எழுதியாச்சு, வாயத் தொறந்தா நீதான் உள்ள போவேன்னுட்டாரு. எனக்கு மூணு பொம்பளப் பிள்ளைய, தாயி...”

நான் போன் செய்து, அலாரத்தை நம்ப முடியாது, லோடிங்கை நிறுத்துங்கள் என்றேன். மேனேஜர் கத்தினார். போனை வைத்துவிட்டேன். வெள்ளத்துரையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போனேன்.

சாயங்காலம் 4:30-க்கு போல்ட்டை அறுத்தார்கள்.

செந்தூர்பாண்டி உள்ளே இருந்தார். இடது கால் எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. ஏணியிலிருந்து விழுந்து நினைவு தப்பியிருப்பார், அதனால்தான் கூப்பிட்டபோது பதில் வரவில்லை என்றார் இன்ஸ்பெக்டர். மூடியின் உள்பக்கம் பார்த்தேன். அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

செந்தூர்பாண்டியின் மனைவி சந்தனமாரியைக் கூட்டி வந்தார்கள். சின்ன வயசு. அவள் அழவில்லை. நேராக வெள்ளத்துரையிடம் போய் நின்றாள்.

“எத்தன நாளு தட்டுனாவ?”

அவர் தலை நிமிரவில்லை.

“கேக்கேம்லா. எத்தன நாளு?”

“மூணு.”

அவள் திரும்பி நடந்தாள். மணலில் உட்கார்ந்து, இருட்டும் வரை அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சாட்சிக் கையெழுத்துப் போட என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பம்ப் ஹவுஸில் எடுத்த பொருட்களை ஏட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். இரும்பு மூடி. போல்ட்டுகள். ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. டார்ச் லைட். அவ்வளவுதான் என்று தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“டெலிபிரிண்டரை விட்டுட்டீங்களே?”

“எந்தப் பிரிண்டர்?”

“ஜன்னலுக்கு எதிரே. மேஜை மேலே.”

ஏட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு ஃபேக்டரியின் ஸ்டோர் ரசீது ஒன்றை எடுத்துக் காட்டினார். பழைய பம்ப் ஹவுஸிலிருந்த டெலிபிரிண்டர், மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் கழற்றி ஸ்டோரில் ஒப்படைத்த ரசீது.

தேதி, ஜனவரி 12.

“நேத்து கதவை உடைச்சு உள்ளே போனதே நான்தாம்மா,” என்றார் ஏட்டு. “அந்த ரூம்ல ஒண்ணுமே இல்ல. வெறுந்தரை.”