மத்தாப்புப் பெட்டியில் என் முகம்

என் வீட்டுக்காரர் ஓவியர். இதைச் சொல்ல எனக்கு வெகுநாள் வாய் கூசியது. எங்கள் விருதுநகரில் மாப்பிள்ளைக்கு என்ன சோலி என்று கேட்டால் கடை என்று சொல்லலாம், கம்பெனி என்று சொல்லலாம், சவுதி என்றால் இன்னும் விசேஷம். ஓவியர் என்று சொன்னால், "சுவத்துல வெளம்பரம் எழுதுறாகளா?" என்று இரக்கத்தோடு கேட்பார்கள். அதனால் "சிவகாசியில பிரஸ்ல இருக்காக" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அது பொய்யும் இல்லை. கல்யாணத்தின்போது அவர் ஒரு அச்சகத்தில் பட்டாசு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தார். அந்த வேலையைப் பார்த்துத்தான் என்னைப் பெற்ற அத்தா என்னைக் கட்டிக் கொடுத்தார்.

அந்த வேலையின் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சீசனுக்கும் கம்பெனிக்காரர்களுக்குப் புது லேபிள் வேண்டும். கோழி, முயல், கிளி, கொழுகொழுவென்று ஒரு குழந்தை, கையில் மத்தாப்போடு ஒரு பெண். உட்கார்ந்து புதிதாக யோசிக்க எவனுக்கு நேரம் இருக்கிறது? வாரப் பத்திரிகை, காலண்டர், சேலைக்கடை விளம்பரம் என்று எதில் நல்ல படம் கண்ணில் பட்டாலும் வெட்டி ஃபைலில் வைத்துக்கொள்வார்கள். ஆர்டர் வந்ததும் முகத்தை ஒன்றிலிருந்தும் கையை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டி ஒரு பெண்ணைச் செய்துவிடுவார்கள். அது யாருடைய முகம், அவளிடம் கேட்டீர்களா என்ற பேச்சே அங்கே கிடையாது. என் வீட்டுக்காரர் அதில் கெட்டிக்காரர். பிரஸ்ஸில் அவருக்குப் பிறகு வந்து சேர்ந்த டிசைனர்களுக்கும் அவர்தான் அதைப் பழக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சிவகாசி வீட்டு மொட்டை மாடியில் அதே கோழியையும் முயலையும் பெரிய பெரிய கித்தானில் வரைய ஆரம்பித்தார். ஆள் உயரத்துக்கு ஒரு கோழி. அச்சில் கண்ணுக்குத் தெரியாமல் விழுகிற புள்ளியைக்கூட விட மாட்டார், ஒவ்வொன்றையும் சோற்றுத் தட்டு அகலத்துக்கு வரைவார். மஞ்சளும் ரோஸும் பச்சையும் கண்ணைப் பறிக்கும்.

"இத யாரு வாங்கி எங்கன மாட்டுவா?" என்பேன்.

"ஒனக்குத் தெரியாது. வெளிநாட்டுல கடைச் சாமான் டப்பாவ வரைஞ்சே பெரிய ஆளானவுக இருக்காக."

"அப்ப நம்ம வீட்டு எண்ண டப்பாவையும் வரைங்க. அப்படியே காலியாயிருச்சுன்னும் எழுதுங்க."

நான் கேலி செய்துகொண்டே இருந்தேன், அவர் மேலே போய்க்கொண்டே இருந்தார். முதலில் மதுரையில் ஒரு ஹாலில் வேறு சிலரோடு சேர்ந்து வைத்தார்கள். பிறகு பெங்களூரு, அப்புறம் கொச்சி. சென்னையிலிருந்து ஒரு கேலரிக்கார அம்மா காரில் வந்து இறங்கி, எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி, கோழிக்கு முன்னால் நின்று கண்ணை மூடித் திறந்தார். அவர் போன கையோடு இவர் பிரஸ் வேலையை விட்டார். நான் அத்தாவிடம் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலையில் அடுப்படிக்கு வந்து, "கரண்டிய இப்படிக் கொஞ்சம் உசத்திப் பிடி" என்றார். கையில் கேமரா. நான் அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடியை அப்படியே விட்டுக்கொண்டு, கறி ஆணம் கிண்டிக்கொண்டிருந்தேன். "எதுக்கு?" என்றேன். "கைக்குத்தான். மத்தாப்புப் பிடிக்கிற கை சரியா வரல" என்றார். கைதானே, என்ன இப்போது? பிடித்தேன். கரண்டியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

சென்னையில் தனியாக அவர் படங்களை மட்டும் வைத்தபோது அத்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நான்தான் வற்புறுத்தினேன். மாப்பிள்ளை வேலையை விட்டது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது, முகம் தொங்கிப்போயிருந்தது. நாலு பெரிய மனிதர்கள் மாப்பிள்ளையைப் பாராட்டுவதை நேரில் பார்த்தால் மனசு ஆறும் என்று கணக்குப் போட்டேன். எக்சிபிஷன் என்றால் அத்தாவுக்குத் தெரிந்தது எங்கள் ஊர்ப் பொருட்காட்சிதான். ராட்டினம் இருக்கும், டெல்லி அப்பளம் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, "டிக்கெட்டு எம்புட்டும்மா?" என்று கேட்டார். வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று காராச்சேவு பார்சல் ஒன்றும் கையில்.

உள்ளே ஏசி. ஆட்கள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோழியை அத்தா பார்த்தார். "கோழி" என்றார். முயலைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அடுத்த சுவரில் நான்.

சுவர் முழுக்க நான்தான். ஈர முடி தோளில் கிடக்கிறது, தலையில் முக்காடு இல்லை, உதட்டில் செக்கச் செவேலென்று சாயம், கன்னத்தில் ரோஸ் புள்ளிகள். கையில் கரண்டிக்குப் பதில் பூப்பூவாய்ச் சிதறும் மத்தாப்பு. அடுப்படியில் என் புருஷனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அங்கே நின்ற எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். யா அல்லாஹ்! உள்ளங்கால் கூசிவிட்டது எனக்கு. ஜிப்பா போட்ட ஒருவர் படத்தைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். நான் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அத்தா அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். காராச்சேவு பார்சல் கையிலேயே இருந்தது.

"வாம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் அரைப் பகல் கிடந்தது.

அதோடு அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கோயம்பேட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், விடிய விடிய பஸ்ஸில் வந்தோம், ஒரு வார்த்தை கிடையாது. அதற்குப் பிறகு நான் விருதுநகர் போனால், நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் அம்மாவைப் பார்த்து, "அவளச் சாப்பிடச் சொல்லு" என்பார். திட்டியிருந்தால்கூட நான் திருப்பி நாலு கேட்டிருப்பேன், எனக்கு வாய் உண்டு. பேசாமல் இருப்பவரிடம் என்ன செய்வது? என் கவலையெல்லாம் அந்த ஒன்றுதான், அத்தா மறுபடி என்னோடு பேச வேண்டும்.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் இருக்கிறது. அந்தப் படம் எனக்குப் பிடித்திருந்தது. கேலரியை விட்டு வெளியே வரும்போது, அத்தா முன்னால் நடக்க, நான் வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். நான் அவ்வளவு அழகு என்று எனக்கே தெரியாது. அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் உடம்பு குறுகுகிறது.

வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன்.

"கைக்குன்னுதானே சொன்னீக?"

"கை நல்லா இருந்துச்சு. மூஞ்சி அதவிட நல்லா இருந்துச்சு. நான் என்ன செய்ய?" என்றார். பெயிண்ட் கையைத் துடைத்துக்கொண்டே, "அடுத்து பம்பாய்க்குக் கேக்குறாக. வேணாம்னு சொல்லு, அனுப்பல" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பம்பாயில் நம்மை யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படம் பம்பாய் போனது, அங்கே பெயர் வாங்கியது, ஒரு வாரப் பத்திரிகையில் கலரில் அரைப் பக்கத்துக்கு வந்தது. நல்லவேளையாக அத்தா வீட்டில் அந்தப் பத்திரிகை வாங்குவதில்லை.

அடுத்த சீசன் சூடு பிடிக்கிற நேரம். வீட்டுக்காரர் வெளியே போய்விட்டு வந்தார், வாயெல்லாம் பல். முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்ததை என் முன்னால் நீட்டினார். கம்பி மத்தாப்புப் பெட்டி. மேலே ஒட்டியிருந்த லேபிளில் நான். அதே ஈர முடி, அதே சிரிப்பு. தலைமாட்டில் கம்பெனிப் பெயர், கால்மாட்டில் எச்சரிக்கை வாசகம்.

"நம்ம பழைய பிரஸ்காரனுகதான். பத்திரிகையில பாத்து வெட்டி வச்சிருக்கானுக. நான் வரைஞ்சதுன்னே தெரியாது" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "கேலரிக்கு எம்புட்டுப் பேரு வருவான்? இது எத்தன ஊருக்குப் போகும் தெரியுமா? என் வாழ்க்கையிலயே பெரிய எக்சிபிஷன் இதுதான்!"

"நீங்கள்லாம் மனுசங்களா?" என்று கத்தினேன். "போய் நிப்பாட்டச் சொல்லுங்க."

சிரிப்பை நிறுத்தினார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கச் சொல்ற? நான் வெட்டாத மூஞ்சியா? அதுவும் போக, லோடு எல்லாம் ஏறிருச்சு."

எந்தெந்த ஊருக்கு ஏறியது என்பதுதான் எனக்குப் பதைப்பு. அத்தாவுக்கு விருதுநகரில் பலசரக்குக் கடை. தீபாவளிக்கு முன்னால் லைசென்ஸ் எடுத்துப் பக்கத்து ரூமில் பட்டாசும் போடுவார். "ஒங்க அத்தா இந்தக் கம்பெனி சரக்கு எடுக்க மாட்டாக" என்று இவர் அடித்துச் சொன்னார். நான் ஒவ்வொரு தொழுகையிலும் அதைத்தான் கேட்டேன். படைத்தவனிடம் போய், மத்தாப்பு லோடு எங்கள் ஊருக்கு வரக் கூடாது என்று கேட்ட ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

அப்போதெல்லாம் நோன்பும் தீபாவளியும் ஒட்டி ஒட்டி வந்துகொண்டிருந்தன. நோன்புக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சீசன் நேரமானதால் அத்தா நோன்பு திறக்க வீட்டுக்கு வர முடியாது, கஞ்சி கடைக்குப் போகும். அன்றைக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. "நீ கொண்டு போய் வச்சிட்டு வந்துரு, பேசணும்னா பேசட்டும்" என்று அம்மா தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டார்.

கடையில் அத்தாவைக் காணோம். பட்டாசு ரூமை எட்டிப் பார்த்தேன். தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மத்தாப்புப் பெட்டிகள் இடுப்பளவுக்கு அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் மடியில் ஒரு பெட்டி, கையில் ஈரத்துணி. துணியால் என் முகத்தை ஒத்தி ஒத்தி ஊறவைத்து, கட்டை விரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பொறி பறக்கும் என்று பட்டாசு ரூமில் இரும்பு ஆகாது, நகம்தான். சுரண்டி முடித்தவை இன்னொரு பக்கம். அவற்றில் முடி இருந்தது, கை இருந்தது, மத்தாப்பு இருந்தது. முகம் இருந்த இடத்தில் அட்டை வெளுத்துத் தெரிந்தது.

சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் டீலர் காரணம் கேட்பார். அத்தா என்ன சொல்வார்? என் மகள் முகம் என்றா? உதடு காய்ந்து வெடித்துப்போய், நோன்பு வாயோடு மனிதர் அங்கே உட்கார்ந்திருந்தார். அந்த நிமிஷம் நான் பட்ட அவமானத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தூக்குவாளியை வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

அத்தா நிமிராமலே பேசினார்.

"அங்கன வாளியில தண்ணி இருக்கு. துணிய நனச்சு எடுத்துட்டு வாம்மா."

என்னிடம்தான். ரூமில் வேறு யாரும் இல்லை. நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"முகத்த மட்டும் எடு. எழுத்துல கை வச்சிராத, அது கம்பெனிக்காரனது."

"சரித்தா."

"ரொம்ப நனைக்காத. உள்ள ஈரம் எறங்கிரும்."

"சரித்தா."

அத்தா என்னோடு பேசிவிட்டார்! அந்தச் சந்தோஷத்தில் நான் வேகவேகமாகச் சுரண்டினேன். முதலில் உதடு வரும், சிவப்பு நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும். பிறகு மூக்கு, கன்னம். அத்தா ஒன்று முடிப்பதற்குள் நான் இரண்டு முடித்தேன். "மெதுவா, நகம் பேந்துரும்" என்றார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் இருவரும் அங்கேயே உட்கார்ந்து நோன்பு திறந்தோம். கஞ்சியை எனக்குப் பாதி ஊற்றிக் கொடுத்தார்.

கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா வந்து மத்தாப்பு கேட்டார். அத்தா எழுந்து போய், சுரண்டி முடித்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா பெட்டியை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன பாய், பொம்பளைக்கு மூஞ்சியக் காணோம்?"

"பிரிண்டிங்ல போயிருச்சும்மா. கொளுத்துறதுக்கு மூஞ்சி எதுக்கு?"

அந்த அம்மா சிரித்தார். "அதுவும் சரிதான், இல்லம்மா?" என்று என்னைப் பார்த்தார்.

"ஆமாக்கா" என்று நானும் சிரித்துவிட்டு, பெட்டியை வாங்கிப் பையில் போட்டுக் கொடுத்தேன்.