செருப்பு இங்கேதான் கிடக்கிறது

என் சித்தி நாயாகிவிட்டாள் என்று எட்டு வயதில் நான் உறுதியாக நம்பினேன். சந்தேகமெல்லாம் இல்லை. செம்பட்டை நிறத்தில், ஒரு காது மடிந்த நாய். அதை ‘வாங்க சித்தி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, மலையின் மேற்குப் பக்கத்திலிருந்து கோயில் வரை கூட்டிக்கொண்டு வந்தேன். அதுவரை சித்தியை ‘வா, போ’ என்றுதான் பேசியிருந்தேன். நாயானதும் மரியாதை தானாக வந்துவிட்டது.

இந்த மடத்தனத்தில் பாதிப் பொறுப்பு ஊருக்கு உண்டு. திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் சாலையின் இடதுபக்கமாக நடக்க வேண்டும். வலதுபக்கம், மலையோரமாக, சித்தர்கள் நடக்கிறார்கள். எறும்பாகவோ நாயாகவோ எந்த உருவத்திலும் வருவார்கள். இப்படிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். மீறி வலதுபக்கம் நடந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை நானே நிரப்பிக்கொண்டேன்.

சித்தி, அம்மாவின் தங்கை. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்தவருக்குக் கொடுத்திருந்தார்கள். பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வாள். முன்பல் பாதி உடைந்திருந்தது. வழுக்கி விழுந்தாளாம். முழங்கையில் இஸ்திரிப்பெட்டியின் முனை அச்சாகப் பதிந்திருந்தது. அதுவும் வழுக்கி விழுந்ததுதான். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு வழுக்கி விழுந்தவர்கள் வேறு யாரும் இல்லை. விழும்போதெல்லாம் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். அப்பா பூவும் பழமும் வாங்கி, “அனுசரிச்சுப் போம்மா” என்று சொல்லித் திரும்பக் கொண்டுபோய் விடுவார். நல்ல காரியம் ஒன்றை முடித்த களைப்போடு வந்து அம்மாவிடம் மோர் கேட்பார்.

கடைசியாக வந்தபோது அவள் கழுத்தில் விரல் தடங்கள் இருந்தன. அதற்கு யாரும் வழுக்கல் கதை சொல்லவில்லை. ஆனால் அப்போதும் அப்பா பூ வாங்கத்தான் போனார்.

அதன்பிறகு சித்தப்பா அவளை வாசல்படி தாண்ட விடவில்லை. பிறகு எப்படியோ ஒரு வேண்டுதல் முளைத்தது. புருஷன் ஆயுசுக்காகப் பௌர்ணமிதோறும் மலை சுற்றுவதாகச் சித்தி வேண்டிக்கொண்டாளாம். தன் ஆயுசுக்குக் குறுக்கே எந்தப் புருஷன் நிற்பான்? மொபெட்டில் அவரே கூட்டிக்கொண்டு வந்தார். நடக்கத்தான் மாட்டார், தொப்பை விடாது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சித்தியின் செருப்பைக் காலடியில் வைத்துக்கொள்வார்.

அன்று விடியற்காலையில் என்னைப் பக்கத்தில் இழுத்து, “டேய், சித்தி கைய வுடக்கூடாது. வுட்டே, தோல உரிச்சிடுவேன்” என்றார். பிறகு டீக்கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். “எங்க போவா? மலைய சுத்தினா இங்கதான வந்து நிக்கணும்? செருப்பு வேற இங்க கெடக்குது.”

நானும் அம்மாவும் சித்தியும் கிளம்பினோம். நான் கையை விடவேயில்லை. என் உள்ளங்கை வியர்வையில் அவள் வளையல் வழுக்கியது. ஆசிரமமெல்லாம் தாண்டி, செங்கம் சாலையை விட்டுக் கிரிவலப் பாதை வலதுபக்கம் பிரியும் முக்கு வந்தது. பௌர்ணமியில் செங்கம் பக்கத்துப் பஸ்கள் ஊருக்குள் வராமல் அங்கேயே நிற்கும். யாரோ பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“ஓடிப் போயி மூணு டம்ளர் வாங்கிட்டு வாடா” என்றாள் அம்மா.

சித்தி குனிந்து என் தலையில் கை வைத்தாள். வாயை மறைக்காமல் சிரித்தாள். அது எனக்கு விசித்திரமாக இருந்தது. ஆனால் மோர் அதைவிட முக்கியம்.

திரும்பி வந்தபோது அம்மா மட்டும் நின்றிருந்தாள். மலையோரத்தில் அந்த நாய் நின்று என்னையே பார்த்தது.

மூன்று டம்ளரையும் கீழே போட்டேன். என் தோல் உரிக்கப்படுவது முதலில் நினைவுக்கு வந்தது. சித்தி இரண்டாவதாகத்தான் வந்தாள். “சித்தி மலையோரமா போய்ட்டா! சித்தரு நாயாக்கிட்டாரு!” என்று ஊளையிட்டேன். அந்த நேரத்தில் நாயைவிட நான்தான் நாய் மாதிரி இருந்திருப்பேன். அம்மா அதட்டவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பன் வாங்கி நாய்க்குப் போட்டாள். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு நேரம் போவது தெரியாமல் நின்றாள். வெயிலில் தார் கொதித்தது. நான் நாய்க்கு நிழல் பார்த்து நடந்தேன்.

டீக்கடைக்கு வந்து சேர்ந்தோம். நாய் நேராகப் போய்ச் சித்தியின் செருப்பை மோந்து பார்த்தது. எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அதோடு போனது.

சித்தப்பா அதன் விலாவில் ஓர் உதை விட்டார்.

“சித்திய ஒதைக்காதீங்க!” என்று கத்தினேன். அடிவயிற்றிலிருந்து வந்தது. “சித்தப்பா, சித்திய ஒதைக்காதீங்க! பல்லு ஏற்கெனவே ஒடைஞ்சிருக்குது!”

டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் நாயைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள்.

“எந்த சித்திய யாருடா ஒதைச்சது?” என்று என் மேல் பாய எழுந்தவர், அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். “கூட்டத்துல பின்தங்கியிருப்பா. வருவா. செருப்பு இங்கதான கெடக்குது” என்று பொதுவாகச் சொன்னார். பொழுது சாயும்வரை அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாளிலிருந்து அப்பா மலையைச் சுற்றியிருந்த கிணறுகளையும் குளங்களையும் எட்டிப் பார்த்துக்கொண்டு அலைந்தார். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார். அம்மா தட்டை எடுத்துக் கழுவி வைப்பாளே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம் அப்பா, அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். “சொல்லியிருந்தா பூ வாங்கினு போயிருப்பாரு” என்றாள்.

நான் மோருக்கு வரிசையில் நின்ற நேரத்தில் நடந்தது இதுதான். எங்கள் பக்கத்து வீட்டில் செருப்புக்கடை பாய் குடும்பம் இருந்தது. அந்த வீட்டம்மா, பஸ்ஸுக்குப் பக்கத்தில் சித்தியின் அளவில் ஒரு ஜோடி புதுச் செருப்போடு காத்திருந்தார். கிருஷ்ணகிரியில் தையல் கடை வைத்திருந்த தன் தங்கையிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். சித்தி அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அந்த ஊரில் தையல் கற்று, தனியாகக் கடை வைத்து, இன்றைக்கும் தைத்துக்கொண்டிருக்கிறாள்.